கருவாட்டு வீட்டில் காற்றுச் சலிக்கும் பெட்டி

1

போன மாதம் கோட்டைக்குப்பத்திலிருந்து என் அண்ணி சரோஜா கடிதம் போட்டிருந்தாள். அண்ணி என்று முறைதானே தவிர என் வயசுக்காரி. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டே வரி. மீதிப் பக்கம் பூராவும் கேலி.

"இன்னாமே தனம், அங்க காத்துக்குக்கூட மெஷின் வெச்சிக்கீறியாமே? உன் வூட்டுக்காரரு வந்தப்ப சொன்னாரு. நாங்க அல்லாரும் சிரிச்சிச் சிரிச்சி வவுறு நொந்துபோச்சி. இங்க வந்தா வேணுங்கிற காத்த கோணியில கட்டிக் குடுக்கறோம், எத்தினி மூட்டை வேணும்னு சொல்லு."

என் வீட்டுக்காரர் மாணிக்கம் சித்திரையில் லீவு போட்டு ஊருக்குப் போனவர், போன இடத்தில் சும்மா இருக்காமல் வாயை விட்டிருக்கிறார். நானும் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. இந்த ஐப்பசியோடு நான் ஹாலந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ரோட்டர்டாம் துறைமுகத்தில் அவர் சரக்கு இறக்குகிறார். நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி ஊருக்குப் போன பெரிய செய்தி இந்தப் பெட்டிதான் என்றால், அதை நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அண்ணி இதைக் கருவாடு காயும் மணலில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். காட்டட்டும்.

அந்தப் பெட்டியைச் சொகுசுக்காக நான் வாங்கவில்லை. என் ஒரே பெண்ணை ஒரு வருடம் என்னை விட்டுப் பிரித்துக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதைத் தடுக்கத்தான் வாங்கினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்குள்ளவர்கள் டச்சில் பேசியதையெல்லாம் நம்ம பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். அவர்கள் எப்படிப் பேசினாலும் என் காதில் அப்படித்தான் விழுகிறது.

2

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கட்டடம் ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தம். வந்த புதிதில் ஜன்னல் சட்டமெல்லாம் பழைய மரம். இடுக்கு வழியாகக் குளிர்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வரும். அதைத் திட்டாத நாள் இல்லை.

அப்புறம் எண்ணெய் விலை ஏறிவிட்டது, சூடு வெளியே போகக்கூடாது என்று சங்கத்து ஆட்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார்கள். இடுக்கிலெல்லாம் நுரை அடைத்தார்கள். சுவரில் இருந்த சின்னச் சின்னத் துவாரங்களையும் அடைத்தார்கள். நான் அவர்களுக்கு ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த டீயைத் திரும்பக் கேட்கலாமா என்று இருக்கிறது.

முதல் குளிர்காலம் வீடு கதகதப்பாகத்தான் இருந்தது. இரண்டாவதில் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. மூன்றாவதில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. சரியாகக் காயாத மீனில் பூஞ்சை பூக்குமே, அதே மாதிரி புள்ளி புள்ளியாக ஆரம்பித்துப் படர்ந்திருந்தது. பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தது.

அந்த வருடம்தான் கலாவுக்கு இழுப்பு வந்தது. எட்டு வயசு. காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்காருவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை காது வரைக்கும் ஏறி இறங்கும். மருந்தை வாயில் அடித்துக்கொண்டு கொஞ்சம் தெளிந்ததும், "அம்மா, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சி" என்பாள், டச்சில். அவளுக்கு அவசரம் என்றால் தமிழ் வராது.

நெஞ்சு டாக்டர் ஓர் அம்மாள். நல்லவர்தான். மூன்று முறை சோதித்துவிட்டு நான்காவது முறை ஒரு மஞ்சள் தாளை எடுத்து வைத்தார்.

"வூட்டுக் காத்து இவளுக்கு ஒத்துக்கல. மலை மேல பசங்களுக்குன்னே ஒரு விடுதி கீது. ஒரு வருஷம் அங்க இருக்கட்டும். பள்ளிக்கூடமும் அங்கியே. பங்குனிக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க."

அவர் மார்ச் என்றார், நான் பங்குனி என்று போட்டுக்கொண்டேன். ஹாலந்தில் மலை ஏது? தெருவில் ஒரு மேடுகூடக் கிடையாது. அது வேறு தேசம். ரயிலில் ஒரு நாள் பயணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாமாம்.

ரயிலடிக்கு நடந்து வரும்போது கலா கேட்டாள்: "அங்க மீன் வாசனை இருக்காதுல்ல?"

அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய கம்பளிக் கோட்டை மோந்து பார்த்து மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை நான் கருவாட்டுக் குழம்புக்குக் கூட்டுவதைப் பார்த்தால் போதும், கோட்டைக் கழற்றி பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை முடிச்சுப் போட்டுக் கதவுக்கு வெளியே மாட்டிவிடுவாள். இருக்கிறது ஒரு பெண். அவள் மலைக்குப் போனால் ஒரு வருடம் கழித்து எந்தப் பெண் திரும்பி வருவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

3

சுவரைக் காட்டலாம் என்று சங்கத்துக்குச் சொன்னேன். ஒரு மேற்பார்வையாளர் வந்தார். நீளக் கழுத்து, சாம்பல் கலர் டை. கையில் ஈரம் அளக்கிற ஒரு கருவி. அதைச் சுவரில் வைப்பார் என்று பீரோவை நகர்த்தி வைத்திருந்தேன். அவர் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். மூக்கை உயர்த்தினார். ஷெல்ஃபில் இருந்த ஜாடியைத் திறந்தார். நெத்திலிக் கருவாடு. மூடிவிட்டு நோட்டில் எழுதினார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கலாதான் படித்துச் சொன்னாள். படிக்கும்போது ஒரு வரியைத் தாண்டினாள்.

"நடுவுல இன்னா இருந்திச்சி?"

"ஒண்ணும் இல்லம்மா."

"படி."

படித்தாள். சுவரில் உள்ள கறைக்கும் ஈரத்துக்கும் குடியிருப்போரின் சமையல் முறையும் மீன் வகைகளுமே காரணம். அக்கம்பக்கத்தாரும் வாடை பற்றிப் புகார் செய்திருக்கிறார்கள். நோயாளிக் குழந்தைக்கு இப்படிப்பட்ட சமையலறை உகந்ததல்ல. நகல்: மருத்துவருக்கு.

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சுட்டது. சங்கத்துக்காரர் என் பானையை மோந்து பார்த்து எழுதிய கடிதம் நெஞ்சு டாக்டரின் மேஜைக்குப் போய், என் பெண்ணை மலைக்கு அனுப்பச் சாட்சி சொல்கிறது.

மாணிக்கம் சண்டை விரும்பாத மனுஷர். "உடுமே. கொஞ்ச நாளு கருவாடு வேணாம். பொண்ணுக்கு நல்லா ஆனா சரி" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று நிறுத்தினேன். நாலு வாரம் பருப்பு, முட்டை, முட்டைக்கோஸ். கலாவின் தோள்பட்டை ஏறி இறங்குவது நிற்கவில்லை. சுவரில் கறுப்பும் நிற்கவில்லை. ஐந்தாவது சனிக்கிழமை வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்து, கத்தரிக்காயும் போட்டு, மூன்று பேருக்கும் தட்டு வைத்தேன். அவர் இரண்டு தடவை சோறு வாங்கினார்.

4

பெட்டியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் மாமியாருக்கும் இழுப்பு. "காத்தைச் சலிக்கற பொட்டி விக்குது" என்றாள். சனிக்கிழமை மூவரும் மின்சாமான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். இதை நம் ஊர் ஆட்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு மெட்ராஸிலும் இது விற்பனைக்கு வரும். வந்தால் ஏமாறக்கூடாது.

முதலாவதன் அடியில் தண்ணீர்த் தொட்டி. காற்று தண்ணீரில் தோய்ந்து வெளியே வரும். பார்க்க அழகு. ஆனால் ஏற்கெனவே சுவர் வியர்க்கிற வீட்டில் இன்னும் ஈரத்தைக் கொண்டுபோய் வைப்பது குளத்துக்குக் குடம் தூக்கிப் போகிற வேலை. வேண்டாம் என்றேன். இரண்டாவது சின்னது. ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. உள்ளே ஊசி முனையில் மின்சாரம் பாயுமாம், தூசியெல்லாம் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். "சுவத்துல ஒட்டினா அப்புறம் அது எங்க போவும்?" என்று கலாவை விட்டுக் கேட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். மூன்றாவது பெரியது, கனம். ஃபேன் காற்றை இழுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கிற ஒரு காகித ஃபில்டர் வழியாகத் தள்ளும். அதற்குப் பின்னால் கரி அடைத்த ஒரு தட்டு. காகிதம் பிடிப்பது தூசியை. வாடையைப் பிடிப்பது கரி. இந்த வித்தியாசத்தை அன்றைக்கு மனசில் குறித்துக்கொண்டேன்.

அந்தக் கடைக்காரரிடம் எனக்குப் பிடித்தது, விற்கிற அவசரத்தில் அவர் இல்லை. "அறை எத்தினி நீளம், எத்தினி அகலம்? கதவு மூடுவீங்களா? பொண்ணு படுக்கற எடம் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான், "முழு வூட்டுக்கும் இது பத்தாது. ஒரே ஒரு அறைக்கு வையுங்க, அவ தூங்கற அறைக்கு" என்றார். வாங்கினோம். மாணிக்கம் அதைத் தோளில் வைத்து டிராம் ஏறினார். ஐஸ் பெட்டி தூக்குகிற மாதிரியேதான்.

5

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இது நம்ம கரையில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடியது.

மீன் காய வைத்தவளுக்குக் காற்று என்றால் என்ன? ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகவேண்டியது. மணலில் போட்டால் அடிப்பக்கம் காயாது என்று வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்புவோம். தென்காற்று அடிக்கிற நாளில் ஒரு பக்கம், வாடைக்காற்று திரும்பினால் மறுபக்கம். நிற்கிற காற்றை நாங்கள் காற்று என்றே சொல்வதில்லை. நான் என்ன செய்தேன்? பெட்டியை ஜன்னல் திண்டில் ஏற்றினேன். புது இரட்டைக் கண்ணாடி ஜன்னலை மார்கழிக் குளிரில் விரியத் திறந்தேன். எதிர்க் கதவையும் திறந்தேன். பெட்டியின் வாயைக் கலாவின் கட்டில் பக்கம் திருப்பி வைத்தேன். வெளிக்காற்று பெட்டிக்குள் போய்ச் சுத்தமாகி அவள்மேல் அடிக்கும் என்று கணக்கு. மூன்று பேரும் கம்பளிக் குல்லாயோடு படுத்தோம்.

பத்து நாளில் ஃபில்டர் கறுத்துவிட்டது. இழுப்பு அப்படியே. ஃபில்டரை வெளியே எடுத்தேன். அழுக்கான வலையை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். குளியல் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து ஊறவைத்து, அலசி, பால்கனிக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். காகிதம் ஐயா அது! அரைமணி நேரத்தில் ஊறிய அப்பளம் மாதிரி கயிற்றிலிருந்து நழுவிக் கீழ் வீட்டு பால்கனியில் விழுந்தது.

மிச்சத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நடந்ததைக் கலா சொன்னாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கடைக்காரர் அடக்கவில்லை.

"அம்மா, நீங்க ரோட்டர்டாம் பூரா சுத்தம் பண்ணப் பாத்தீங்களா? இது சின்னப் பொட்டி. ஒரு அறைக் காத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் சலிக்கும். ஜன்னலைத் தெறந்தா தெரு லாரிப் புகையச் சலிக்கறதே அதுக்கு வேலையாப் போவும். சாத்துங்க. காகிதத்த கழுவாதீங்க, முன்னால கீற வலையை மட்டும் வாரத்துக்கு ஒருவாட்டி தூசி உறிஞ்சி எடுங்க."

அதற்கப்புறம் முறையாகச் செய்தேன். பெட்டியைத் தரையில் ஒரு முக்காலிமேல், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தேன். தரை விரிப்பைச் சுருட்டி வெளியே போட்டேன். கலா தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கதவு ஜன்னலைச் சாத்தி வேகமாக ஓடவிட்டு, அவள் படுத்ததும் மெதுவாக்கினேன். ஒரு வாரத்தில் காலை இழுப்பு பாதியாகக் குறைந்தது. பாதிதான். அதற்குக் கீழே போகவில்லை.

ஏன் போகவில்லை என்று யோசித்துக்கொண்டே போர்வை மடித்தேன். காற்றில் மிதக்கிற தூளைப் பெட்டி பிடிக்கிறது. சுவரில் இருக்கிற பூஞ்சை தினமும் புதிதாக விடுகிறது. ஜன்னலைச் சாத்தினால்தான் பெட்டி வேலை செய்யும், சாத்தினால் சுவர் இன்னும் ஈரமாகும். என் பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் படுத்திருக்கிறாள். மீனோ கருவாடோ இதில் எங்கே வருகிறது?

நம் ஊர்க் காற்றைப் பற்றிப் பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லமாட்டேன் அண்ணி. சவுக்கு மிலாறு போட்டு எரிக்கிற நம்ம அடுப்புப் புகையில் என் அம்மா இருமாத நாள் கிடையாது. ஆனால் ஓலைச் சுவரில் ஒருநாளும் பூஞ்சை பார்த்ததில்லை. புகையும் போய்விடும், ஈரமும் போய்விடும். இங்கே அடைத்தது யார்? அதைத்தான் கேட்க முடிவு செய்தேன்.

6

கடிதத்தில் "அக்கம்பக்கத்தார் புகார்" என்று இருந்ததே. எங்களுக்கு அக்கம்பக்கம் என்றால் கீழ் வீட்டு ஆன்னிதான். ஊறிய ஃபில்டர் விழுந்தது அவள் பால்கனியில். டிராம் வண்டிகளை விடியலில் கழுவுகிற வேலை. மதியம் வரை தூங்குவாள். குரல் நம்ம மீன் ஏலத்துக்குப் போட்டி போடும். நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆன்னி, எங்க வூட்டு மீன் வாடைன்னு புகார் குடுத்தியா?"

"இன்னாது? நானா? ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு சிகரெட்டு ஊதறவ. எனக்கு மூக்குன்னு ஒண்ணு கீதா மொதல்ல?"

"அப்ப யாரு?"

"யாரா இருந்தா இன்னா. நீ உள்ள வா. உனுக்கு ஒண்ணு காட்டறேன்."

படுக்கையறையில் அவள் கட்டிலை இழுத்தாள். பின்னால் சுவர் கறுப்பு. எங்கள் சுவர் மாதிரியே, அதே உயரம், அதே புள்ளி.

"நீ இன்னா சமைப்ப?" என்று கேட்டேன்.

"உருளைக்கிழங்கு. ஞாயித்துக்கெழமன்னா ரெண்டு உருளைக்கிழங்கு."

அங்கேயே நின்றுகொண்டு இருவரும் திட்டம் போட்டோம். ஃபில்டர் புதிதாக இரண்டு வாங்கினேன். ஒன்றின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு கோடு. எது எந்த வீடு என்று எங்களுக்கு மட்டும் தெரியும். காலையில் கலா பள்ளிக்கூடம் போனதும் பெட்டி கீழே இறங்கும். ஆன்னி வீட்டு ஃபில்டரைப் போட்டு, கதவைச் சாத்தி, அவள் தூங்குகிற நேரமெல்லாம் அங்கே ஓடும். நாலு மணிக்கு முன்னால் அவளே அதைத் தூக்கிக்கொண்டு மேலே வருவாள். எங்கள் ஃபில்டரைப் போட்டுக் கலாவின் அறையில் வைப்போம்.

"பொண்ணு மூச்சுக்கு வாங்கினத மாடிப்படியில ஏத்தி எறக்கறீங்களே, ஒடஞ்சா?" என்றார் மாணிக்கம்.

"ஒடஞ்சா நான் டிராமை வித்து வாங்கித் தரேன், போ!" என்றாள் ஆன்னி.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: படுக்கையறையில் சிகரெட் கூடாது. அவள் நெஞ்சில் கை வைத்து ஒத்துக்கொண்டாள். மூன்று வாரம் இப்படி. அந்த மூன்று வாரமும் சனிக்கிழமை தவறாமல் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வேண்டுமென்றேதான்.

7

பள்ளிக்கூடத்தில் விடுமுறை விட்ட வாரம், கலாவையும் ஆன்னியையும் கூட்டிக்கொண்டு சங்கத்து அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு ஃபில்டரையும் தனித்தனியாகத் தலையணை உறையில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். அதே மேற்பார்வையாளர். அதே டை. கோப்பைப் பிரித்தார்.

கலாதான் எனக்குப் பேச்சு மாற்றிச் சொல்கிறவள். நான், "இவரு வந்து மோந்து பாத்தது என் ஜாடியத்தான், சுவத்த இல்ல, அதச் சொல்லு" என்றேன். அவள் டச்சில், "சுவரையும் ஒருமுறை தயவுசெய்து பார்க்கும்படி அம்மா கேட்டுக்கொள்கிறார்கள்" என்றாள். அந்த அளவு டச்சு எனக்குத் தெரியாதா? எத்தனை அலுவலகத்தில் என் உப்புக் காரத்தையெல்லாம் இந்தப் பெண் இப்படிக் கழுவிக் கொடுத்திருக்கிறாளோ!

"நீ இரு. நானே பேசறேன்" என்றேன். என் டச்சு சலவைக்கூடத்தில் கற்றது. இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும்.

"நாலு வாரம் மீன் இல்ல. சுவர் கறுப்பு. பொண்ணுக்கு இழுப்பு. மூணு வாரம் மீன். சுவர் கறுப்பு. பொண்ணுக்கு இழுப்பு கூடல. மீன் இன்னா பண்ணிச்சி?"

அவர், "வாடை என்பது..." என்று ஆரம்பித்தார். நான் உறைகளைப் பிரித்து இரண்டு ஃபில்டரையும் அவர் கோப்பின்மேல் வைத்தேன். இரண்டும் ஒரே கறுப்பு. ஈரச் சாக்கு நாற்றம் இரண்டிலும். அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்விக்கு டச்சு வார்த்தை எனக்குச் சட்டென்று வரவில்லை.

கலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டையும் அவர் பக்கம் தள்ளினாள். "ஒண்ணு மீன் வீடு. ஒண்ணு உருளைக்கிழங்கு வீடு. எது மீன் வீடுன்னு சொல்லுங்க" என்றாள். நான் சொல்லச் சொல்லவில்லை. "தயவுசெய்து" என்ற வார்த்தையும் அதில் இல்லை.

அவருக்கு வேறு வழியில்லை. குனிந்தார். ஒற்றைக் கோட்டை மோந்தார். இரட்டைக் கோட்டை மோந்தார். திரும்ப இரட்டைக் கோட்டுக்கு வந்து, மூக்கைச் சுளித்து, விரலால் தட்டினார். "இது."

ஆன்னி மேஜையில் அடித்தாள். "அது என் வூடு சாமி! என் ஜென்மத்துல நான் மீன் வறுத்ததில்ல. நீ மோந்தது சிகரெட்டு!" பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சிக்கோ தனம், ஒரு நாலஞ்சிதான் ஊதினேன்" என்றாள். மறுபடி அவரிடம்: "புகார் குடுத்தது யாரு? கீழ நான், எதிர்ல ஆளில்லாத வூடு. காகிதத்தக் காட்டு."

அவர் கோப்பைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். புகார்க் காகிதம் இல்லை. என் பழைய விண்ணப்பம் ஒன்றில் போய் நின்று, பேச்சை மாற்றுகிற மாதிரி, "பிறந்த இடம் பழவேற்காடு, அது எங்கே இருக்கிறது?" என்றார்.

"உங்க ஆளுங்க முன்னூறு வருஷமா எங்க ஊர்ல கல்லறையில படுத்துக்கீறாங்க. போய்ப் பாருங்க, பேரெல்லாம் உங்க எழுத்துலதான் செதுக்கி வெச்சிக்கீது. அவங்க வந்து எறங்கி கோட்டை கட்டி எங்க ஊர்ல சமைச்சப்ப, நீ இன்னா சமைக்கறன்னு எவனும் போய்ப் பானையை மோந்து பாக்கல."

இதைத் தமிழில்தான் சொன்னேன். அவ்வளவு டச்சு எனக்கு வராது. கலா என்னைப் பார்த்தாள். இழுப்புக்காரப் பெண், ஒரு மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொன்னாள். பானையைக்கூட விடவில்லை.

அடுத்த வாரம் இரண்டு தொழிலாளிகள் வந்தார்கள். கட்டடத்தின் ஆறு வீட்டிலும் சுவர்த் துவாரத்தில் அடைத்த நுரையைத் தோண்டி எடுத்தார்கள். ஜன்னல் மேல்சட்டத்தில் காற்று போக நீள நீளமாகத் துளை வெட்டி, திறந்து மூடுகிற தகடு வைத்தார்கள். இந்தத் தடவை டீ போடவில்லை. மன்னிப்புக் கடிதம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது ஒரு சுற்றறிக்கை. காற்றோட்டம் மேம்படுத்தப்பட்டுள்ளது, குடியிருப்போர் மூடி போட்டுச் சமைக்கவும் என்று. வாளைக் கருவாட்டுக் குழம்பை மூடி போட்டு எவள் கொதிக்கவிடுவாள்?

8

இப்போது இப்படித்தான் எங்கள் வீடு. பகலில் மேல்தகடுகள் திறந்திருக்கும். சமைக்கும்போது ஜன்னலையே திறந்துவிடுவேன். கலா தூங்கப் போகும் முன் அறையைச் சாத்திப் பெட்டி ஓடும். ஃபில்டரைக் குளிர்காலத்துக்கு ஒன்று, வெயில் காலத்துக்கு ஒன்று என்று மாற்றுகிறோம். பீரோ சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பனிமூட்ட நாளில் இன்னும் வருகிறது. பெட்டி தெய்வமில்லை, சல்லடைதான்.

அந்தப் பங்குனி கடைசியில் டாக்டரிடம் போனோம். மஞ்சள் தாளைக் கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊதிப் பார்க்கிற குழாயைக் கலாவிடம் கொடுத்தார். குழாயின் பக்கத்தில் ஒரு சின்ன முள். ஊதினால் ஏறும். மலைக்குப் போகவேண்டாம் என்றால் முள் இந்த இடம் வரை வரவேண்டும் என்று போன தடவை பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். அதுவரை கலா அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

முதல் ஊதலில் கோட்டுக்குக் கீழே நின்றது. இரண்டாவதில் கோட்டுக்கு அருகில் வந்தது. "போதும்டி" என்றார் மாணிக்கம், பயந்துபோய். கலா தலையை ஆட்டினாள். எழுந்து நின்று, காலை அகட்டி, குழாயை வாயில் வைத்து ஊதினாள். முள் கோட்டைத் தாண்டி ஒரு நெல் அளவு போய் நின்றது.

டாக்டர் மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. "இந்த வருஷம் வேணாம். ஐப்பசியில மறுபடி கூட்டினு வாங்க, அப்ப பாப்போம்" என்றார்.

"பாருங்கம்மா. ஐப்பசியில பாருங்க, தையில பாருங்க, எப்ப வேணாலும் கூப்புட்டு ஊதச் சொல்லுங்க" என்றேன். "ஊதிட்டு பொண்ணு எங்க வூட்டுக்குத்தான் வருவா."

கலா ஏற்கெனவே கம்பளிக் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள்.